சோற்றின் குறையும் பருப்பின் நிறைவும்
லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றி ஒரு விளக்கம்

மண்ணைப் பற்றிய ஓர் உண்மை உழவர் பெருமக்கள் அனைவருக்கும் தெரியும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றையும் வேண்டிய அளவு இட்டும், நிலத்தில் துத்தநாகம் குறைந்திருந்தால் நெற்பயிர் துரு ஏறினாற்போல் பழுத்துக் குன்றி நின்றுவிடுகிறது. அந்நிலையில் மேலும் மேலும் யூரியா இடுவதால் பயனில்லை. எந்தச் சத்து மிகவும் குறைவோ, அதுவே விளைச்சலின் எல்லையை வகுத்து விடுகிறது.

மனித உடலின் வளர்ச்சியிலும் இவ்விதியே செல்லும். மூன்று வேளையும் சோறு உண்டும் சில குழந்தைகள் வயதுக்கேற்ற வளர்ச்சி பெறாமல் இருப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, தானியத்தில் குறைவாகவும் பருப்பு வகைகளில் நிறைவாகவும் உள்ள லைசின் என்னும் சத்து போதாமற் போவதாகும். பெயர் புதிது, பொருள் பழையது. பொங்கலிலும் இட்டலியிலும் நம் முன்னோர் சேர்த்து வைத்த சத்துத்தான் அது. அதைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் குடியானவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே காண்போம்.

புரதமும் அமினோ அமிலங்களும்

நம் உடலின் தசை, தோல், இரத்தம், நரம்பு, நகம், மயிர் ஆகிய யாவும் பெரும்பாலும் புரதச் சத்தினால் ஆனவை. உணவைச் செரிக்கச் செய்யும் ஜீரண நீர்களிலுள்ள நொதிகளும், நோயை எதிர்த்து நிற்கும் பொருள்களும் புரதங்களே. இப்புரதங்கள் அனைத்தும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் ஒன்றோடொன்று கோத்து உண்டானவை. அவற்றில் 20 வகை உண்டு. சில எழுத்துக்களைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குவதுபோல், இந்த 20 வகையைக் கொண்டு உடல் ஆயிரக்கணக்கான புரதங்களை ஆக்கிக்கொள்கிறது.

நாம் உண்ணும் புரதம் அப்படியே உடலில் சேர்வதில்லை. அது வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாகப் பிரிந்து, இரத்தத்தில் கலந்து, வேண்டிய இடத்தில் மீண்டும் புதிய புரதமாகக் கோக்கப்படுகிறது. பழைய வீட்டைப் பிரித்து, அந்தச் செங்கல்லையும் மரத்தையும் கொண்டு புதிய வீடு கட்டுவது போன்றது இது.

20 வகையுள் 11 வகையை உடல் தானே தயாரித்துக்கொள்ள வல்லது. எஞ்சிய 9 வகையை அவ்வாறு தயாரிக்க இயலாது. உணவின் வாயிலாகவே பெறவேண்டும். ஆதலால் அவை இன்றியமையாத அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. லைசின் அவற்றுள் ஒன்று. தானியத்தை முதன்மையாக உண்ணும் மக்களிடையே முதலில் குறைவது பெரும்பாலும் இதுவே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு புரதத்தைக் கோக்கும்போது லைசின் வரவேண்டிய இடத்தில் வேறோர் அமினோ அமிலத்தை வைத்துச் சமாளிக்க உடலால் முடியாது. லைசின் தீர்ந்துவிட்டால் கோப்பு வேலை அங்கேயே நின்றுவிடும். மிஞ்சிய மற்ற அமினோ அமிலங்களை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் சேர்த்து வைக்கவும் உடலில் இடமில்லை. அவை விறகுபோல் எரிக்கப்பட்டு, அவற்றிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. வயலுக்கு இடும் யூரியாவும் இதுவும் ஒரே பொருளே. அதாவது, லைசின் குறைந்த உணவில் காசு கொடுத்து வாங்கிய புரதத்தின் ஒரு பகுதி பயனின்றிக் கழிகிறது.

கண்டறிந்த வரலாறு

பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்திலிருந்து லைசினை 1889-ஆம் ஆண்டில் முதன் முதலாகப் பிரித்தெடுத்தவர் டிரெக்செல் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர். அப்பொழுது அதன் பயன் இன்னதென்று விளங்கவில்லை.

1914-இல் அமெரிக்க நாட்டில் ஆஸ்பார்ன், மெண்டல் என்னும் இரு விஞ்ஞானிகள் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். கோதுமையிலுள்ள கிளையடின் என்னும் புரதத்தை மட்டுமே புரத உணவாகக் கொடுத்தபோது, எலிகள் உயிரோடு இருந்தன, எடையும் குறையவில்லை, ஆயினும் வளரவில்லை. அதே உணவில் சிறிது லைசினைச் சேர்த்தவுடன் அவை வளரத் தொடங்கின. உயிர் வாழ்வது வேறு, வளர்ச்சி பெறுவது வேறு என்பதை இச்சோதனை தெளிவாக்கிற்று. பின்னர் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் வில்லியம் ரோஸ் என்பவர் மனிதருக்கு எந்த எந்த அமினோ அமிலங்கள் உணவின் வழியே வேண்டும் என்பதை ஆராய்ந்து நிறுவினார்.

நம் மாநிலத்துக்கும் இத்துறையில் பங்கு உண்டு. நீலகிரி மாவட்டம் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் 1918-இல் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி கலந்த பஞ்சாபி உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவை உண்டவை எடையில் பின்தங்கின. இவ்வேற்றுமைக்கு லைசின் மட்டுமே காரணம் அன்று; வைட்டமின்கள், தாது உப்புக்கள் ஆகியவற்றின் குறையும் சேர்ந்ததே. எனினும், சோற்றோடு என்ன சேர்கிறது என்பதே உணவின் தரத்தை முடிவு செய்கிறது என்பதற்கு அது நல்ல சான்றாகும். குன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

உடலில் லைசின் செய்யும் பணிகள்

முதற் பணி, உடலின் புரதங்கள் பலவற்றிலும் உறுப்பாக அமைவதாகும். வளரும் குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், நோயிலிருந்து தேறுவோருக்கும் புதிய தசை உண்டாக வேண்டியிருப்பதால் அவர்களுக்கு இத்தேவை மிகுதி.

இரண்டாவது, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை உறுதிப்படுத்துவது. எலும்பு, தோல், தசைநாண், இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு வலுவைத் தருவது கொலாஜனே. கயிறு திரிப்பவர் புரிகளை முறுக்கிப் பிணைப்பதுபோல், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முடிச்சுகள் லைசின் இருக்கும் இடங்களிலேயே விழுகின்றன. இவ்வேலைக்கு வைட்டமின் சி-யும் செம்புச் சத்தும் துணை நிற்கவேண்டும். வைட்டமின் சி அறவே குறைந்தால் ஈறுகளில் இரத்தம் கசிவதும், புண் ஆறாமல் நிற்பதும் இதனால்தான். ஆகவே பருப்போடு நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, கீரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் அன்றாடம் சேரவேண்டும்.

மூன்றாவது, கார்னிடின் என்னும் பொருளை ஆக்குவதற்கு லைசின் மூலப்பொருளாகிறது. உணவிலுள்ள கொழுப்பு, உடலணுக்களுள் எரிந்து சக்தியாக மாறும் இடத்திற்கு அதைச் சுமந்து செல்லும் வண்டி போன்றது கார்னிடின்.

இவையன்றி, பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டு செல்லும் மரபுப் பொருளானது அணுக்களுள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் புரதக் கண்டுகளிலும் லைசின் மிகுதியாக உண்டு.

எந்த உணவில் எவ்வளவு?

ஓர் உணவில் புரதம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அப்புரதத்தில் லைசின் எவ்வளவு என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். வெவ்வேறு உணவுகளின் புரதத்தை 100 கிராம் வீதம் எடுத்துக்கொண்டால், அதில் அடங்கிய லைசின் ஏறக்குறைய வருமாறு:

அரிசி – 3.7 கிராம்
கோதுமை, கேழ்வரகு, மக்காச்சோளம் – 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு
சோளம் – 2 கிராமுக்குச் சற்று அதிகம்
நிலக்கடலை – 3.5 கிராம்
துவரை, உளுந்து, பச்சைப்பயறு முதலியவை – 7 கிராம்
முட்டை – 7 கிராம்
பால் – 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு
மீன், இறைச்சி – 8 முதல் 9 கிராம்

பெரியவர்களின் உணவுப் புரதத்தில் 100 கிராமுக்கு 4.5 கிராம் லைசின் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அளவு. தானியம் எதுவும் தனித்து நின்று அந்த அளவை எட்டுவதில்லை என்பதைக் காண்க. தானியங்களுள் அரிசி சற்று மேலானது. ஆயின் சோளமும் கேழ்வரகும் உண்ணும் மேட்டு நிலப் பகுதிகளுக்குப் பருப்பும் பயறும் இன்னும் மிகுதியாக வேண்டும். களிக்கு மொச்சைக் குழம்பும் கொள்ளுக் குழம்பும், கூழுக்கு மோரும் சேர்த்து உண்ணும் வழக்கம் அப்பகுதிகளில் வேரூன்றியது பொருத்தமே.

நிலக்கடலை பற்றி ஒரு சொல். அது பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது; புரதமும் மிகுதி; ஆனால் அப்புரதத்தில் லைசின் அரிசியை ஒத்த அளவே உண்டு. ஆகவே சோற்றுக்குக் கடலைச் சட்னி மட்டும் துணையானால் குறை முற்றும் தீராது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில் நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் பல்பயன் உணவு ஒன்றை அமைத்தபோது, கடலைப் பிண்ணாக்கு மாவு 75 பங்குக்குக் கொண்டைக்கடலை மாவு 25 பங்கு சேர்த்தனர். குறைந்த லைசினை நிறைக்க அக்கலப்பு உதவிற்று.

பருப்புக்கும் ஒரு குறை உண்டு. மெதியோனின் என்னும் மற்றோர் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் குறைவு; அரிசியிலும் எள்ளிலும் அது போதிய அளவு உண்டு. சோற்றின் குறையைப் பருப்பும், பருப்பின் குறையைச் சோறும் நிறைக்கின்றன. இரண்டும் தனித்தனியே உண்டால் தரும் பலனைவிட, சேர்த்து உண்டால் தரும் பலன் மிகுதி.

ஒரு நாள் கணக்கு

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,800 மில்லிகிராம் ஆகிறது. அவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். அதில் புரதம் ஏறக்குறைய 28 கிராம். லைசின் 1,040 மில்லிகிராம். தேவையில் பாதியைச் சற்றே கடந்து நிற்கிறோம். 50 கிராம் துவரம் பருப்பைச் சேர்த்தால் மேலும் 770 மில்லிகிராம் கிடைத்து, மொத்தம் 1,810 ஆகிறது. உண்பது முழுவதும் செரித்துச் சேர்வதில்லை. ஆதலால் ஒரு தம்ளர் பாலோ மோரோ, ஒரு முட்டையோ, சிறிது மீனோ சேர்த்தால் கணக்கு குறைவின்றி நிறையும். 200 மில்லி பாலில் சுமார் 500 மில்லிகிராமும், ஒரு முட்டையில் சுமார் 420 மில்லிகிராமும் லைசின் உண்டு.

குழந்தைக்குக் கணக்கு வேறு. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு, எடையில் கிலோ ஒன்றுக்கு 45 மில்லிகிராம் வேண்டும். 11 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஏறக்குறைய 500 மில்லிகிராம். 100 கிராம் அரிசி 260 மில்லிகிராமே தரும். அதனோடு 20 கிராம் பருப்பு சேர்ந்தால் 570 ஆகும். செரிமானத்தில் கழிவது போகத் தேவைக்குச் சரியாகும். ஒரு சிறு கைப்பிடிப் பருப்பே இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

வயிறு நிறைவது முதல் தேவை

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். 1950, 1960-களில் உலகெங்கும் புரதக் குறையே பெருங்குறை எனக் கருதப்பட்டது. பின்னர் கோபாலன், சுகாத்மே போன்ற நம் நாட்டு அறிஞர்கள், ஏழை மக்களுக்கு முதலில் வேண்டுவது வயிறு நிறையும் அளவு உணவே என்று எடுத்துக்காட்டினர். உணவு போதாதபோது உடல் புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. அப்பொழுது லைசின் மிகுந்த பருப்பும் வளர்ச்சிக்குப் பயன்படாது. ஆகவே முதலில் போதிய சோறு; அதனோடு தக்க அளவு பருப்பு என்பதே முறை. அடிக்கடி வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் உள்ள குழந்தைக்கு உண்ட உணவு உடலில் ஒட்டாது. ஆதலால் தூய குடிநீரும் கழிப்பிட வசதியும் உணவோடு எண்ணப்பட வேண்டியவையே.

வீட்டில் பங்கிடும் முறை

பருப்பு வாங்குவது மட்டும் போதாது. அது யார் இலையில் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். குழம்புச் சட்டியில் பருப்பு அடியில் தங்குகிறது. தெளிவு மேலே நிற்கிறது. உழைத்து வரும் ஆண்களுக்கு அடியிலிருந்து அள்ளி வைத்துவிட்டு, குழந்தைக்கு இரசஞ்சோறும், வீட்டுப் பெண்களுக்கு எஞ்சிய நீர்க்குழம்பும் என்று முடிந்துவிடுகிற வீடுகள் பல. புரதத் தேவை எடைக்கேற்ப மிகுந்திருப்பது குழந்தைக்கு. கூடுதலாக வேண்டியிருப்பது கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும். வீட்டில் பருப்பு இருந்தும் அவர்களுக்குக் கிடைக்கவில்லையென்றால், அது வறுமையால் வந்த குறையன்று. பழக்கத்தால் வந்த குறை. செலவின்றித் திருத்தத்தக்க குறை இது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே குழந்தைக்குப் போதும். அதன்பின் தாய்ப்பாலோடு, குழைய வெந்த சோற்றில் வெந்த பருப்பை நன்கு மசித்துச் சேர்த்து ஊட்டவேண்டும். வீட்டில் சத்துமாவு அரைப்போர் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறோ பொட்டுக்கடலையோ சேர்க்கலாம்.

சமைக்கும் முறை

லைசினுக்கு நீரில் வேகவைப்பதால் பெருங்கேடு இல்லை. உலர்ந்த கடுஞ்சூட்டில், அதுவும் சர்க்கரையோடு சேர்ந்து சிவக்கும்போது, அதன் ஒரு பகுதி உடலுக்குப் பயன்படாத பொருளாக மாறிவிடுகிறது. பலகாரம் கருகச் சிவப்பதும், பால் நெடுநேரம் சுண்டிப் பழுப்பாவதும் இத்தகைய மாறுதலே. பயற்றை மணம் வரும் அளவு வறுத்தால் போதும், கருக வறுக்கலாகாது. வெண்பொங்கல், இட்டலி, பயற்றங்கஞ்சி, சுண்டல் ஆகியவை நீரிலோ ஆவியிலோ வெந்தவை. தானியமும் பயறும் கலந்தவை அல்லது சோற்றுக்குத் துணையாகுபவை. பயற்றை முளைகட்டிச் சமைத்தால் செரிமானமும் எளிதாகும்.

லைசின் மாத்திரைகளும் விலையுயர்ந்த சத்துப் பொடிகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. கலப்புணவு உண்ணும் ஒருவருக்கு அவை தேவையில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவர் சொற்படியே கொள்ளவேண்டும்.

கால்நடையும் மக்காச்சோளமும்

பசுவும் எருமையும் இவ்விஷயத்தில் நம்மினும் பேறு பெற்றவை. அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், வைக்கோலையும் தவிட்டையும் பிண்ணாக்கையும் கொண்டு லைசின் உட்பட எல்லா அமினோ அமிலங்களையும் தாமே ஆக்கித் தருகின்றன. நாம் உண்ண இயலாத வைக்கோலை லைசின் மிகுந்த பாலாக மாற்றித் தரும் இயந்திரம் நம் தொழுவத்தில் நிற்கிறது. கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கு அனுப்பிவிடாமல், வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தம்ளரேனும் நிறுத்திக்கொள்வது நன்று. கோழிக்கும் பன்றிக்கும் அத்தகைய இரைப்பை இல்லை. ஆதலால் அவற்றின் தீவனத்தில் சோயாப் பிண்ணாக்கும், தொழிற்சாலைகளில் நுண்ணுயிரைக் கொண்டு தயாராகும் லைசினும் சேர்க்கப்படுகின்றன.

தானியத்திலேயே லைசினைப் பெருக்கும் முயற்சியும் நடந்துள்ளது. 1964-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக் கழகத்தார், லைசின் ஏறக்குறைய இரு மடங்குள்ள மக்காச்சோள வகையைக் கண்டறிந்து அறிவித்தனர். அதன் மணி மென்மையாக இருந்ததால் உழவர் ஏற்கவில்லை. மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டவரான சுரிந்தர் வாசலும், எவஞ்செலினா வில்லெகாஸ் என்னும் அம்மையாரும் பல ஆண்டுகள் உழைத்து அக்குறையை நீக்கினர். 2000-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

முதலாவது, பயறு சாகுபடியைப் பெருக்குதல். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்னதாக, மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கும் வழக்கம் உண்டு. விதையை ரைசோபியம் நுண்ணுயிரோடு கலந்து விதைத்து, பூக்கும் தருணத்திலும் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் மகசூல் கூடும். மற்றப் பகுதிகளில் வரப்போரங்களில் துவரையும், மானாவாரி நிலங்களில் தானியத்தோடு ஊடுபயிராகத் தட்டைப்பயறு, அவரை, மொச்சையும் இடலாம். பயறு வகைகள் வேர் முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்து நிலத்தையும் வளப்படுத்துகின்றன.

இரண்டாவது, விளைந்ததைக் காத்தல். பயறு வண்டு சில மாதங்களிலேயே மூட்டையைத் துளைத்துவிடும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேற்படாதவாறு நன்கு காயவைத்து, காற்றுப் புகாத கலங்களில் சேமிக்கவேண்டும். முழுப்பயற்றை விட உடைத்த பருப்பில் இவ்வண்டின் தொல்லை குறைவு. துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தும் பழைய முறையும் பயனுள்ளதே. விளைந்த பயறு முழுவதையும் களத்திலேயே விற்றுவிட்டுப் பின்னர் மிகுந்த விலைக்குப் பருப்பு வாங்குவதைவிட, வீட்டுக்கு ஓராண்டுக்கு வேண்டியதை நிறுத்திக்கொள்வது இலாபகரம்.

மூன்றாவது, பள்ளி உணவைக் கண்காணித்தல். காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2010 முதல் வாரத்துக்கு 5 நாள் முட்டை என்னும் நிலை வந்தது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், குழந்தை ஒன்றுக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை போன்றவற்றோடு சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என வகுக்கப்பட்டது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்னும் அளவுக்கு அது ஒத்திருப்பதைக் காணலாம். வகுத்த பருப்பு குழந்தையின் தட்டுக்கு முழுமையாக வந்து சேர்கிறதா என்று பார்ப்பது உறுப்பினர்களின் கடமை.

நான்காவது, அங்கன்வாடியில் மாதந்தோறும் எடுக்கப்படும் குழந்தைகளின் எடைக் கணக்கைக் கேட்டறிதல். எடை ஏறாத குழந்தையின் வீட்டுக்குச் சென்று, அக்குழந்தை என்ன உண்கிறது என்று மகளிர் குழுவினர் விசாரித்தால், பருப்பும் பாலும் முட்டையும் எங்கே தவறிப் போகின்றன என்பது தெரிந்துவிடும். கிராம சபையில் சாலைக்கும் விளக்குக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கும் ஒதுக்கலாம்.

வயலில் ஒரு சத்து குறைந்தால் பயிர் இலையின் நிறத்தில் அதைச் சொல்லிவிடும்; நாமும் உடனே கவனித்து விடுகிறோம். வளரும் குழந்தை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. இழந்த பருவத்தை அடுத்த பட்டத்தில் மீட்டுக்கொள்ளவும் முடியாது. வரப்பில் ஒரு வரிசைத் துவரையும், உலையில் ஒரு கைப்பிடிப் பருப்பும், அதை முதலில் குழந்தைக்கு இடும் பழக்கமும் ஒவ்வொரு வீட்டிலும் நிலைபெறுமாறு பஞ்சாயத்துக்கள் முன்னின்று உழைக்க வேண்டும்.